எந்த லயம், எந்தக் காம்பரா?



வீட்டுக்கு வரும் கடித உறையில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ஐந்து இலக்கங்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பதுளைக்கு 90000. பண்டாரவளைக்கு 90100, தியத்தலாவைக்கு 90150, அப்புத்தளைக்கு 90160. வெலிமடைக்கு 90200, பசறைக்கு 90500. மலை இறங்கி மொனராகலைக்குப் போனால் 91000, வெல்லவாயவுக்கு 91200.

இவற்றை முன்னாலிருந்து ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள். முதல் இலக்கம் 9 என்றால் ஊவா மாகாணம். முதல் இரண்டும் 90 என்றால் பதுளை மாவட்டம். முதல் மூன்றும் 901 என்றால் பண்டாரவளைப் பக்கம். கொழும்பில் தபால் பிரிக்கிறவருக்கு முதல் இலக்கமே போதும், கடிதம் எந்தத் திசைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். பதுளைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மற்ற இலக்கங்களைப் பார்க்கும் வேலை. முன்னாலிருந்து எத்தனை இலக்கம் பார்க்கிறோமோ, அதற்கேற்ப எல்லை சுருங்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; இம்மாதக் கணக்கு முழுவதும் இதில்தான் நிற்கிறது.

உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் 'சப்நெட் கணக்கு' என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். ஓர் ஐ.பி. முகவரியைக் கொடுப்பார்கள். அது எந்த எல்லைக்குள் விழுகிறது, அந்த எல்லையின் முதல் முகவரி எது, கடைசி முகவரி எது என்று கேட்பார்கள். தமிழ்மொழி மூலம் இப்பாடத்துக்கு ஆசிரியர் கிடைப்பது மலைப்பக்கப் பாடசாலைகளில் எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே பிள்ளைகள் ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். பரீட்சை மண்டபத்தில் கல்குலேட்டர் கிடையாது. அட்டவணையில் ஒரு வரி மறந்தால் முழுக் கணக்கும் போய்விடும்.

"உம்மா, இது உங்களுக்கு விளங்காது" என்று மகள் சொல்லக்கூடும். விளங்கும். இரண்டால் பெருக்கவும், 256 இலிருந்து கழிக்கவும் தெரிந்தால் போதும். சந்தையில் மரக்கறிக்காரரிடம் மீதிக் காசு எண்ணி வாங்குகிறவருக்கு இது பெரிய கணக்கல்ல.

ஐ.பி. முகவரி என்பது இன்டர்நெட்டில் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் உரிய இலக்கம். நான்கு எண்கள், நடுவே மூன்று புள்ளிகள்: 192.168.10.77 என்பது போல. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை போகலாம், அதற்கு மேல் போகாது. ஏன் 999 வரை இல்லை? நமக்குப் பத்து விரல், பத்துப் பத்தாக எண்ணுகிறோம். கணினிக்கு விரல் இல்லை, சுவிட்ச்தான் உண்டு. எட்டு சுவிட்சுகளைப் போட்டும் அணைத்தும் பார்த்தால் 256 விதம் வரும். அதுதான் 0 முதல் 255. நான்கு எண்ணுக்கும் சேர்த்து 32 சுவிட்ச். மொத்த முகவரிகள் 4,294,967,296. உலகத்துக்கே இவ்வளவுதான்.

முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு /16, /24, /27 என்று எழுதுவார்கள். முன்னாலிருந்து எத்தனை சுவிட்ச் மாறக்கூடாது என்பதை அது சொல்கிறது. கடிதத்தில் 9 ஐ மட்டும் பார்க்கிறோமா, 901 வரை பார்க்கிறோமா என்ற அதே கேள்விதான்.

நம் நாட்டிலிருந்தே உதாரணம் சொல்லலாம். இலங்கைப் பல்கலைக்கழகங்களை ஒன்றாக இணைத்திருப்பது 'லேர்ன்' என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு. பசறை வீதியில், 2005 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் அதில் ஒரு அங்கத்தவர். லேர்னுக்கு உரிய முகவரித் தொகுதி 192.248.0.0/16. முதல் 16 சுவிட்ச், அதாவது முதல் இரண்டு எண்கள், மாறாது. 192.248 என்று தொடங்கும் எதுவும் லேர்னுடையது, 192.249 என்று தொடங்கினால் அது வேறு ஆளுடையது. மொத்தம் 65,536 முகவரிகள். இதைச் சொல்லக் கணக்கே தேவையில்லை, கண்ணால் பார்த்தால் போதும். காரணம், வெட்டு சரியாகப் புள்ளியில் விழுந்திருக்கிறது. /8, /16, /24 மூன்றும் இப்படித்தான்.

ஒரு காலத்தில் முகவரிகளைப் புள்ளியில் மட்டுமே வெட்டிக் கொடுத்தார்கள். 256 வேண்டுமா, 65,536 வேண்டுமா, ஒரு கோடி அறுபத்தேழு லட்சம் வேண்டுமா என்பதே கேள்வி. முந்நூறு கணினி உள்ள நிறுவனம் என்ன செய்யும்? கடைக்காரர் 'சுண்டு அரிசி தருவேன், இல்லையானால் மூட்டை தருவேன், நடுவில் எதுவும் இல்லை' என்று நின்றால் எப்படியோ, அப்படித்தான் இருந்தது. 1993 இல் விதி மாற்றப்பட்டு எந்த இடத்திலும் வெட்டலாம் என்றாயிற்று. வீண்செலவு குறைந்தது, பிள்ளைகளின் கணக்கு கூடிவிட்டது! ஏனெனில் வெட்டு இப்போது எண்ணின் நடுவில் விழுகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை.

கணக்கைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவோம். ஒரு தோட்டத்தில் 256 காம்பராக்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேட்டிலிருந்து கீழே வரை 0 முதல் 255 என்று தொடர்ச்சியாக இலக்கம் போட்டிருக்கிறது. நிஜ லயத்தில் பத்து, பன்னிரண்டு காம்பரா இருக்கும். இங்கே கணக்குக்காக ஒரு லயத்துக்கு 32. அப்படியானால் மேட்டு லயம் 0 முதல் 31 வரை. அடுத்தது 32 முதல் 63. மூன்றாவது 64 முதல் 95. நான்காவது 96 முதல் 127. இப்படியே பணிய லயம் வரை எட்டு லயம். இப்போது 77 ஆம் காம்பரா எந்த லயத்தில்? மூன்றாவதில் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். சப்நெட் கணக்கில் இதற்கு மேல் ஒன்றுமில்லை.

192.168.10.77/27 என்று பரீட்சையில் வந்தால், முதலில் 32 இலிருந்து 27 ஐக் கழிக்க வேண்டும்: 5. இரண்டை ஐந்து தடவை பெருக்க வேண்டும்: 2, 4, 8, 16, 32. லயத்தின் நீளம் 32 என்று தெரிந்துவிட்டது. 0, 32, 64, 96 என்று தாண்டித் தாண்டிப் போனால் 77 க்கு முன்னால் நிற்பது 64, பின்னால் நிற்பது 96. ஆகவே எல்லை 192.168.10.64 இல் தொடங்கி 192.168.10.95 இல் முடிகிறது. 192.168.10.100 இதற்குள் வருமா? வராது, அது அடுத்த லயம்.

இதில் இரண்டு முகவரிகளைக் கருவிகளுக்குக் கொடுப்பதில்லை. முதலாவதான 64, லயத்தின் பெயர்ப்பலகை மாதிரி. அந்தத் தொகுதி முழுவதையும் குறிக்கும். கடைசியான 95, லயத்தில் உள்ள எல்லோரையும் ஒரே நேரத்தில் கூப்பிடுவதற்கு. அங்கே ஒரு சத்தம் கொடுத்தால் அத்தனை காம்பராவுக்கும் கேட்கும். ஆகவே குடியிருக்கக்கூடியவை 65 முதல் 94 வரை, முப்பது. முப்பத்திரண்டு என்று எழுதிப் புள்ளியைப் பறிகொடுக்கும் பிள்ளைகள் அதிகம்.

சில வேளை சாய்கோட்டுக்குப் பதிலாக 255.255.255.224 என்று கொடுத்திருப்பார்கள். இதற்குப் பெயர் சப்நெட் மாஸ்க். பார்த்துப் பயப்பட வேண்டாம். 256 இலிருந்து 224 ஐக் கழியுங்கள், 32 வரும். லயத்தின் நீளம் அதுதான். 240 என்றிருந்தால் 16. 192 என்றிருந்தால் 64. 128 என்றிருந்தால் தோட்டமே இரண்டு லயம்.

பிள்ளைகள் செய்யும் இன்னொரு தவறும் உண்டு. 77 என்று கண்டவுடன், 77 இலிருந்து முப்பத்திரண்டை எண்ணி 108 இல் நிறுத்திவிடுவார்கள். தட்டில் ஊற்றி ஆறவைத்த மஸ்கட்டை நினைத்துப் பாருங்கள். நடுவே ஒரு வெட்டு, பாதியை மறுபடி பாதியாக ஒரு வெட்டு, அதையும் பாதியாக ஒரு வெட்டு. துண்டுகள் எல்லாம் ஒரே அளவாக வர வேண்டுமானால் வெட்டு விழும் இடங்கள் முன்கூட்டியே நிச்சயமாகிவிடும். முந்திரிப்பருப்பு எங்கே இருக்கிறதோ அங்கிருந்து வெட்டத் தொடங்குவதில்லை. முந்திரி எந்தத் துண்டுக்குள் அகப்பட்டது என்றுதான் பார்க்கிறோம். 77 தான் அந்த முந்திரி. அது எந்த எல்லையையும் தொடக்கிவைப்பதில்லை.

இனிக் கொஞ்சம் கடினமானது. 172.16.37.5/20. இங்கே 20 என்பது 16 ஐத் தாண்டிவிட்டது, 24 ஐத் தொடவில்லை. ஆகவே வெட்டு மூன்றாவது எண்ணில் விழுகிறது. 24 இலிருந்து 20 ஐக் கழித்தால் 4. இரண்டை நான்கு தடவை பெருக்கினால் 16. மூன்றாவது எண்ணில் 0, 16, 32, 48 என்று தாண்டினால் 37 நிற்பது 32 க்கும் 47 க்கும் இடையில். தொடக்கம் 172.16.32.0. முடிவு 172.16.47.255. முடிவை 172.16.47.0 என்று எழுதிவிடக் கூடாது. 47 இன் கடைசிக் காம்பரா வரை போக வேண்டும். மொத்தம் 16 ஐ 256 ஆல் பெருக்கினால் 4,096. இரண்டு கழித்து 4,094. நாலாவது எண்ணான 5 இந்தக் கணக்கில் எந்த வேலையும் செய்யவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

சரி, இந்த எல்லையைத் தெரிந்து யாருக்கு என்ன பயன்? உங்கள் கைப்போனுக்குத்தான் முதலில் பயன். ஒரு தகவலை அனுப்புமுன் ஒவ்வொரு தடவையும் அது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. பெறுகிறவர் என் எல்லைக்குள் இருக்கிறாரா, வெளியிலா? உள்ளே என்றால் நேரே கொடுத்துவிடும். வெளியே என்றால் ரவுட்டரிடம் ஒப்படைக்கும். பக்கத்து வீட்டுக்கு நோன்புக் கஞ்சி அனுப்பத் தபாற் கந்தோர் தேவையில்லை, பிள்ளையிடம் கொடுத்தனுப்பலாம். கொழும்பிலிருக்கும் மாமிக்குப் பொதி அனுப்புவதென்றால்தான் கந்தோருக்குப் போகிறோம்.

இதனால் வரும் ஒரு தொல்லையைக் கடை வைத்திருக்கும் குடும்பங்கள் அறிந்திருக்கும். கடைக்குக் கெமரா பூட்டி, அதன் பெட்டியை ரவுட்டரில் செருகியாயிற்று. விளக்கு எரிகிறது, படம் மட்டும் போனுக்கு வரவில்லை. பெட்டி பழுது என்று கழற்றி எடுத்துக்கொண்டு போவார்கள், அல்லது கூலி கொடுத்து ஆளைக் கூப்பிடுவார்கள். அதற்கு முன் இரண்டு முகவரியையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பாருங்கள். பெட்டி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 192.168.1.64 என்று வைத்திருக்கலாம். சில 4ஜி ரவுட்டர்களின் முகவரி 192.168.8.1. மாஸ்க் 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 1, மற்றதில் 8. இரண்டும் ஒரே மேசையில், ஒரே வயரில் இருந்தாலும் வேறு வேறு லயம்! பெட்டியின் முகவரியை, வேறு எந்தக் கருவியும் பாவிக்காத 192.168.8.64 என்று மாற்றி, அதில் 'கேட்வே' என்று கேட்கும் இடத்தில் ரவுட்டரின் 192.168.8.1 ஐக் கொடுத்தால் வேலை முடிந்தது. பெட்டியில் பழுதே இல்லை.

எல்லார் வீட்டிலும் 192.168 என்றே தொடங்குகிறதே, ஒரே முகவரி இத்தனை பேருக்கு எப்படி என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 1994 இல் மூன்று தொகுதிகளை உள்வீட்டுப் பாவனைக்கென்று ஒதுக்கினார்கள். 10 என்று தொடங்குபவை எல்லாம். 192.168 என்று தொடங்குபவை எல்லாம். மூன்றாவது 172.16.0.0/12. இந்த மூன்றாவதில்தான் பெரியவர்களும் வழுக்கி விழுகிறார்கள். 12 என்பது 8 க்கும் 16 க்கும் இடையில், ஆகவே வெட்டு இரண்டாவது எண்ணில். 16 இலிருந்து 12 போக 4, நீளம் 16. இரண்டாவது எண் 16 முதல் 31 வரை உள்ளே. 172.31 உள்வீட்டு முகவரி, 172.32 அல்ல.

இந்த உள்வீட்டு முகவரிகள் வெளியே செல்லுபடியாகாது. வீட்டில் ஆறு கருவி இருந்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது ரவுட்டரின் வெளி முகவரி ஒன்றுதான். வருவது எல்லாம் அந்த ஒன்றுக்கு வரும். உள்ளே யாருக்கு என்று ரவுட்டர் குறித்துவைத்துக்கொண்டு பிரித்துக் கொடுக்கும்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பெயர், பிரிவு, தோட்டத்தின் பெயர், பதுளை என்று எழுதிய கடிதம் லயத்துக்கு நேரே வருவதில்லை. தோட்டத்து ஆபீஸுக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும். காம்பராவுக்குத் தனி இலக்கம் கிடையாது. ஒரே லயத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் கடிதம் யாருக்கு என்பது கொடுப்பவரின் ஞாபகத்தைப் பொறுத்தது. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் நாள் கடந்து கையில் கிடைத்த கதை மலையகத்தில் எத்தனையோ வீடுகளில் உண்டு. ரவுட்டர் பட்டியல் வைத்துக்கொண்டு பிரிக்கிறது, ஆகவே தவறு குறைவு. பட்டியலே இல்லாத ஆபீஸில் பிள்ளையின் வேலை போனது.

தோட்டத்தின் எல்லை வெளியாருக்கு எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதற்கு இன்னொன்றும் சொல்லலாம். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட இடம் வைக்கவில்லை. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபையே அவர்களுடைய பாதைக்கு ஒரு கல் போட முடியாத நிலை. 2018 இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. முப்பது வருடத்துக்கு மேல், சபையின் கணக்கில் அந்த லயங்கள் எல்லைக்கு வெளியே இருந்தன.

முகவரியைச் சிக்கனமாகப் பாவிக்கவும் இந்த உள்வீட்டு ஏற்பாடு உதவியது. அப்படியும் தட்டுப்பாடு வந்தது. உலகத்தின் பொதுக் கையிருப்பில் மீதமிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பெப்ரவரி 3 ஆம் திகதி பங்கிடப்பட்டன. நம் பகுதிக்கான பங்கு, அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலுள்ள 'ஏப்னிக்' நிலையத்துக்குப் போனது. அங்கிருந்துதான் இலங்கைக்கு வரும். இப்போது 32 சுவிட்சுக்குப் பதில் 128 சுவிட்ச் கொண்ட புது முகவரியும் புழக்கத்தில் இருக்கிறது. எழுதும் விதம் வேறு. முன்பகுதி ஒன்றாக இருந்தால் ஒரே எல்லை என்ற விதி அதிலும் மாறவில்லை.

2021 இல் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடியிருந்தபோது, லுணுகலைப் பக்கத்தில் பிள்ளைகள் பெரியவர்களின் துணையோடு மலையுச்சிக்கு ஏறி, மரத்தில் கட்டிய குடிலில் இருந்து பாடம் படித்தது வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது. சிக்னல் அங்கேதான் கிடைத்தது. அவ்வளவு பாடுபட்டுப் பாடத்தை இறக்கி எடுத்த பிள்ளைகளில் உயர்தரத்துக்கு வந்தவர்கள் உண்டு. சப்நெட் கணக்கில் ஓர் அட்டவணை மறந்து அவர்கள் நிற்கக்கூடாது. உங்கள் வீட்டிலோ, பக்கத்து லயத்திலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஒரு பின்னேரம் அவளைக் கூட வைத்துக்கொண்டு மேலே உள்ள மூன்று கணக்கையும் கடதாசியில் போட்டுப் பாருங்கள். எண்களை நீங்களே மாற்றிக் கேளுங்கள். விடை சரியா என்று பார்ப்பது சுலபம்: தொடக்க எண் லயத்தின் நீளத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். 64 ஐ 32 ஆல் வகுக்கலாம், 77 ஐ முடியாது.

போகுமுன் ஒரு கணக்குத் தருகிறேன். பதுளை பஸாரில் ஒரு புடைவைக் கடை. ரவுட்டரின் முகவரி 192.168.5.130, மாஸ்க் 255.255.255.192. பில் போடும் கணினி 192.168.5.189. பிரின்டர் 192.168.5.195. பெருநாளுக்கு முந்திய நாள், கடை நிறையச் சனம், பில் அச்சாகவில்லை. ஏன்? பிரின்டருக்கு எந்த முகவரி கொடுத்தால் சரிவரும்? ஒன்றுக்கு மேற்பட்ட விடை உண்டு, ஆனால் 191 விடையல்ல. தபாலட்டையில் எழுதி அனுப்புங்கள். விளக்கம் அடுத்த இதழில்.